துப்பாக்கிக் குழலின் முத்திரைகள்: தோற்றம் அறிதலும் தமிழில் பெயர்த்தலும்
(கோலார் தங்கவயலை முன்வைத்து)

1. முன்னுரை

பழம்பொருள்களின் மேல் காணப்படும் எழுத்துகளைக் கல்வெட்டு, செப்பேடு, காசு, முத்திரை என வகைப்படுத்தி ஆராயும் மரபு நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயின் தொழிற்சாலைப் பொருள்களின் மேல் பொறிக்கப்பட்ட குறுகிய எழுத்துகள் இவ்வாராய்ச்சிக்கு உரியனவாகக் கருதப்படுவது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கிகளின் அடிப்புறத்தில் காணப்படும் முத்திரைகள் இத்தகையன. ஓரெழுத்து, ஈரெழுத்து, ஓர் எண், ஒரு முடி, ஒரு செங்கோல் என்னும் அளவிலேயே அவை அமைகின்றன. எனினும் குழல் எங்கே சோதிக்கப்பட்டது, எக்காலத்தது, எந்த மருந்தைத் தாங்க வல்லது என்னும் மூன்றையும் அறிவதற்கு அவற்றையன்றி உறுதியான சான்று பெரும்பாலும் இல்லை.

இக்கட்டுரை அம்முத்திரைகளை ஒரு மொழியியலாளரின் நோக்கில் அணுகுகின்றது. ஒரு துப்பாக்கியின் ‘தோற்றம்’ என்பது ஒற்றை வினாவன்று. அது மூன்று வினாக்களின் தொகுப்பு என்பதும், ஒவ்வொரு முத்திரையும் அம்மூன்றனுள் ஒன்றற்கே விடை கூறும் என்பதும் ஈண்டு நிறுவப்பெறும். இதனை உணராது முத்திரைச் சொற்களைத் தமிழில் பெயர்த்தால் நேரும் பிழை வெறும் சொற்பிழையாக நில்லாது, பயன்படுத்துவோரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும் என்பதும் காட்டப்பெறும்.

2. தங்கவயலின் காலமும் முத்திரைகளின் காலமும்

கோலார் தங்கவயலை இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியில் இறங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் அதன் மேலாண்மையில் வளர்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வல்லுநர்களும், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளரும் வந்து குடியேறினர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் ஊராகத் தங்கவயல் உருவாயிற்று. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கப் பணி நின்றது.

துப்பாக்கி முத்திரைகளின் வரலாற்றில் பெருமாற்றங்கள் நிகழ்ந்த ஆண்டுகள் 1875, 1887, 1896, 1904, 1925, 1954 என்பன. அவற்றுள் முதலாவதைத் தவிர ஏனையவை அனைத்தும் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலை மேலாண்மை செய்த காலத்துக்குள் அடங்குதல் காணலாம். கருமருந்திலிருந்து புகையிலா நைட்ரோ மருந்துக்கும், முறுக்கிய இரும்புக் குழலிலிருந்து எஃகுக் குழலுக்கும் வேட்டைத் துப்பாக்கி மாறிய காலமும் இதுவே.

இவ்வூரில் இருவகைத் துப்பாக்கிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஐரோப்பியப் பணியாளரைக் கொண்டு இங்கு ஒரு தன்னார்வத் துப்பாக்கிப் படை இயங்கியது. அத்தகைய படைகளின் துப்பாக்கிகள் அரசின் உடைமை. அகன்ற அம்புக்குறியும் அதன்கீழ் இந்தியாவைச் சுட்டும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும் இந்திய அரசின் உடைமைக் குறியாக வழங்கின. தனியார் வேட்டைக்கு வாங்கிய ரவைத் துப்பாக்கிகளில் இக்குறி இராது. அவற்றில் காணப்படுவன சோதனைச்சாலைகளின் முத்திரைகளே. இக்கட்டுரை பின்னவற்றையே ஆராய்கின்றது.

3. மேலே உள்ள பெயரும் கீழே உள்ள முத்திரையும்

இரட்டைக்குழல் துப்பாக்கியில் எழுத்துகள் இரு இடங்களில் அமைகின்றன. இரு குழல்களையும் மேற்புறத்தில் இணைக்கும் பட்டையிலும் பக்கத் தகடுகளிலும் நிறுவனப் பெயரும் ஊர்ப்பெயரும் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இவை யார் கண்ணிலும் படும். குழலைக் கட்டையினின்று கழற்றினால் மட்டுமே தெரியும் அடிப்புறத் தட்டைப் பகுதியில் சிறிய முத்திரைகள் அழுத்தப்பட்டிருக்கும்.

மேலே உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தவரின் பெயராகவும் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சென்னையில் 1849இல் தொடங்கப்பட்ட பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் மாண்டன், ரோடா முதலிய நிறுவனங்களின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் உண்டு. 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர் கவர்ந்து சென்ற 50 மவுசர் கைத்துப்பாக்கிகள் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கே. ஆயின் அவை ஜெர்மனியில் செய்யப்பட்டவை. விற்றவர் பெயரும் செய்த நாடும் வேறுபடுவதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மேலும், பர்மிங்ஹாமில் புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்னும் பெயரை நினைவூட்டும் வகையில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ எனப் பொறித்த மலிவான பெல்ஜியத் துப்பாக்கிகளும் உலகச் சந்தையில் பெருமளவில் உலவின. பொருள்களின் மீதான பொய்ப் பெயர்களைத் தடுக்கப் பிரிட்டனில் 1887ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1889ஆம் ஆண்டிலும் வணிகக் குறிச் சட்டங்கள் இயற்றப்பட்டன என்பதே இவ்வழக்கத்தின் பரப்பை உணர்த்தும்.

இதற்கு முற்பட்ட மைசூர் மரபு வேறாக இருந்தது. கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலியின் மகனான திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கிகளில் புலிவரிக் குறியும், ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் குறிக்கும் ‘பட்டண்’ என்னும் ஊர்ப்பெயரும், மவுலூதி ஆண்டும் பாரசீக எழுத்தில் காணப்படுகின்றன. அங்கே செய்த இடமும் உரிமையாளரான அரசும் ஒன்று. எனவே குறி நேரடியாகப் பேசுகின்றது. வணிகப் பொருளாகிவிட்ட ஐரோப்பியத் துப்பாக்கியிலோ செய்த இடம், சோதித்த இடம், விற்ற இடம் என மூன்றாகத் தோற்றம் பிரிந்துவிடுகின்றது.

சொற்பிறப்பியலார்க்கு இப்பிரிவு புதிதன்று. ‘துப்பாக்கி’ என்னும் சொல்லின் மூலம் துருக்கி மொழி. அது தமிழை அடைந்தது பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே. மூலமொழியும் கொடைமொழியும் வேறு வேறு. ‘பீரங்கி’ என்பதோ ஐரோப்பியரைச் சுட்டும் ‘ஃபிரங்கி’ என்னும் இனப்பெயரின் வழி வந்தது. கொண்டு வந்தவரின் பெயரே பொருளுக்கு ஆகிவிட்டது. பட்டையில் உள்ள வணிகர் பெயரைத் துப்பாக்கியின் தோற்றம் என்று கொள்வதும் இதனை ஒத்ததே.

4. நாட்டைக் காட்டும் முத்திரைகள்

குழல் விற்பனைக்குச் செல்லுமுன் வழக்கமான அளவினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காது தாங்கியதை முத்திரையால் உறுதி செய்தல் ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். இதற்கெனச் சோதனைச்சாலைகள் இருந்தன. அவற்றின் குறிகள் வருமாறு:

இலண்டன்: 1637இல் பட்டயம் பெற்ற துப்பாக்கி செய்வோர் குழுமத்தினது. முடியின்கீழ் ‘வி’ என்னும் எழுத்து நோட்டமிட்டமைக்கும், முடியின்கீழ் பின்னிய ‘ஜி.பி.’ எழுத்துகள் சோதனைக்கும் உரியன.

பர்மிங்ஹாம்: 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. 1904 வரை, குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், அவற்றின் மேல் முடி, இடையே ‘பி.பி.சி.’ எழுத்துகளோ ‘வி’ என்னும் எழுத்தோ. 1904 முதல் முடியின்கீழ் ‘பி.வி.’, ‘பி.பி.’ என எழுத்துகள் மட்டும்.

லியேஜ் (பெல்ஜியம்): நீள்வட்டத்துள் ‘ஈ.எல்.ஜி.’ என்னும் எழுத்துகளும் ஒரு விண்மீனும். 1893 முதல் நீள்வட்டத்தின் மேல் முடி சேர்க்கப்பட்டது. அந்நகரின் பழைய தூண்சின்னமும் தனி முத்திரையாக வரும்.

சேன்ட் எத்தியேன் (பிரான்சு): ஊர்ப்பெயரே எழுத்தில் வரும், உடன் முடியும் குறுக்கிட்ட ஓலைகளும் அமையும்.

ஜெர்மனி: 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முடியின்கீழ் தனித்தனி எழுத்துகள். ‘யு’ ஆய்வையும், ‘எஸ்’ ரவைக்குழலையும், ‘டபிள்யூ’ வாய் ஒடுங்கிய குழலையும் குறிக்கும்.

எண்களும் நாட்டைக் காட்டுவன. ஆங்கிலக் குழல்களில் 12, 13, 16 என முழு எண்கள் வரும். இவை அங்குலமோ மில்லிமீட்டரோ அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு விட்டம் இருக்குமோ அதுவே 12 என்னும் அளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எனவே எண் பெருகக் குழல் குறுகும். பெல்ஜியக் குழல்களிலோ விட்டம் 18.2, 18.4 என மில்லிமீட்டரில் தசமப் புள்ளியுடன் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் தேய்ந்து மறைந்த குழலிலும் எண்ணின் வடிவம் நாட்டைக் காட்டிக்கொடுப்பதுண்டு.

5. போலி ஒப்புமைகள்

ஒரே வடிவம் இரு மொழிகளில் வேறு பொருள் தருவதை மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிவர். முத்திரைகளிலும் இப்போலி ஒப்புமை மிகுதி.

முதலாவது, முடி. முடியைக் கண்டதும் இங்கிலாந்து எனக் கொள்வது இயல்பு. ஆயின் மேற்கூறிய ஐந்து இடங்களிலும் முடி வருகின்றது. முடி அரச ஆணையின் குறியேயன்றி ஒரு நாட்டின் தனிக்குறி அன்று.

இரண்டாவது, ‘பி’ என்னும் எழுத்து. இலண்டனின் ‘ஜி.பி.’யில் அது சோதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. புகையிலா மருந்துக்குரிய பெல்ஜிய முத்திரையான ‘பி.வி.’யில், அது ‘மருந்து’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. பர்மிங்ஹாமின் ‘பி.வி.’யிலோ தமிழில் ‘பி’ என நாம் எழுதுவது அந்நகரப் பெயரின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் வேறுபட்ட ஈரெழுத்துகள் தமிழ் எழுத்துப்பெயர்ப்பில் ஒன்றாகிவிடுவதால் நமக்குக் குழப்பம் இரட்டிக்கின்றது. பதிவேடுகளில் முத்திரையை எழுத்துப்பெயர்த்து மட்டும் எழுதாமல், முடி, சிங்கம், செங்கோல் முதலிய உடன்குறியையும் சேர்த்து விவரிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். பெல்ஜிய ‘பி.வி.’யின் மேல் நிற்பது சிங்கம். பர்மிங்ஹாமினதன் மேல் முடி.

மூன்றாவது, ‘வி’. இங்கிலாந்தில் அது நோட்டமிட்டமைக்கு உரியது. பெல்ஜிய முத்திரையில் மருந்தின் விரைவைக் கூறும் அடைமொழிக்கு உரியது.

சில வேளைகளில் முத்திரைகளே இரு தோற்றங்களைக் கூறும். பெல்ஜியத்தில் செய்து இங்கிலாந்தில் சோதித்த துப்பாக்கிகளும் உண்டு. 1925ஆம் ஆண்டு விதிகளின்படி, இங்கிலாந்தில் சோதனைக்கு வந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகளில் ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டதன்று’ எனப் பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டது. செய்த இடத்தை எதிர்மறையால் மட்டும் கூறும் இவ்வாசகத்தின் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் பொருள் தலைகீழாகிவிடும்.

6. காலத்தையும் ஆற்றலையும் காட்டும் வாசகங்கள்

1875 முதல் 1887 வரை வாய் ஒடுங்கிய ஆங்கிலக் குழல்களில் ‘குண்டுக்கு ஆகாது’ எனப் பொருள்படும் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டன. ஒடுங்கிய வாய்வழியே ஒற்றைக் குண்டு செலுத்தினால் குழல் கெடும் என்பது அதன் கருத்து. 1887 முதல் அவ்வெச்சரிக்கை நீங்கி, ஒடுக்கத்தைக் குறிக்கும் ‘சோக்’ என்னும் சொல்லும், சாய்சதுரத்துள் அமைந்த எண்ணும் வந்தன. 1896 விதிகளால் ‘நைட்ரோ புரூஃப்’ என்னும் சொற்கள் தோன்றின. 1904 முதல் இது குறியாகச் சுருங்கிற்று: பர்மிங்ஹாமில் முடியின்கீழ் ‘என்.பி.’, இலண்டனில் வளைவாள் ஏந்திய கையின்கீழ் ‘என்.பி.’. 1954 முதல் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என அழுத்தம் எண்ணால் தரப்பட்டது.

விளக்கத்தின்பொருட்டு ஒரு மாதிரியைக் கொள்வோம். பட்டையில் சென்னை வணிகர் பெயர். அடியில் செங்கோல் முத்திரைகள், 13 என்னும் எண், ‘குண்டுக்கு ஆகாது’ என்னும் வாசகம். ‘நைட்ரோ’ என்னும் சொல் யாண்டும் இல்லை. இதனைப் பின்வருமாறு படிக்க வேண்டும்: சென்னையில் விற்கப்பட்டது, பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது, 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது, வாய் ஒடுங்கிய குழல், கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. இறுதிக் கூற்று எழுத்தின் இன்மையிலிருந்து பெறப்படுவது. இலக்கணத்தில் உருபு தொக்கு நின்றும் பொருள் தருவதுபோல், இங்கே இல்லாத முத்திரையும் பொருள் தருகின்றது. அக்குழலில் இக்காலத் தோட்டாவை இட்டால் அது வெடிக்கக்கூடும். இதற்கு மாறாக, நைட்ரோ முத்திரை இருப்பதும் என்றைக்கும் உரிய உறுதி ஆகாது. அது முத்திரையிட்ட நாளின் நிலையையே கூறும். பின்னர்த் துருவாலோ தேய்வாலோ குழல் மெலிந்திருக்கலாம். அதனை அளந்து அறிதல் துப்பாக்கி வல்லுநரின் பணி.

7. தமஸ்கும் உக்கும்

இக்காலக் குழல்கள் பலவற்றின் மேற்பரப்பில் அலையலையான வரிகள் காணப்படும். வணிகத்தில் இவை ‘டமாஸ்கஸ்’ குழல்கள் எனப்பட்டன. தமிழ் விவிலியம் ‘தமஸ்கு’ என வழங்கும் நகரமே அது. ஆயின் இக்குழல்கள் அந்நகரில் செய்யப்பட்டவை அல்ல. இரும்பும் எஃகுமான கம்பிகளை முறுக்கி, பட்டையாக அடித்து, ஓர் உருளையின் மேல் சுற்றிக் காய்ச்சி இணைத்தவை. பெல்ஜியத்தில் வெஸ்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நெசோன்வோ இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குச் செய்த வெறுங்குழல்கள் பர்மிங்ஹாமுக்கு ஏற்றுமதியாகி, ஆங்கிலத் துப்பாக்கிகளாக நிறைவுற்று, ஆங்கில முத்திரை பெற்றன. எஃகுக் குழலின் மேல் வரிகளை அச்சிட்ட போலிகளும் இருந்தன. எனவே ‘டமாஸ்கஸ்’ என்பது செய்முறையின் பெயர், இடத்தின் பெயரன்று.

அப்பெயர் பழைய வாள்களின் புகழிலிருந்து வந்தது. அவ்வாள்களுக்குரிய உருக்கு எஃகு தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குச் சென்ற சரக்கு. அவ்வெஃகின் வரிகள் உலோகத்திலேயே இயல்பாகத் தோன்றியவை. குழலின் வரிகள் முறுக்கலால் ஆக்கப்பட்டவை. இரண்டும் செய்முறையால் வேறு. தென்னிந்திய எஃகைப் பற்றி 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் படித்த கட்டுரையில் ‘வூட்ஸ்’ என்னும் சொல் வழங்குகின்றது. இதனைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபாக ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி கருதுகின்றது. ‘வூக்’ என்று எழுதியதைப் பிழைபடப் படித்ததால் இவ்வடிவம் தோன்றியிருக்கலாம் என்பது அதன் கருத்து. மைசூர் நாட்டு எஃகு தன் பெயரை ஐரோப்பிய எழுத்தில் இழந்தது. ஐரோப்பியக் குழலோ தமஸ்கின் பெயரைத் தாங்கி மைசூர் நாட்டுக்கு வந்தது.

8. தமிழில் பெயர்த்தல்

உரிமம், உயில், உடைமைப் பட்டியல் ஆகியவற்றில் இச்சொற்களைப் பெயர்க்கும் தேவை எழுகின்றது. ‘புரூஃப்’ என்பதைச் ‘சான்று’ என்றோ ‘ஆதாரம்’ என்றோ பெயர்த்தால் ஆவணம் எனப் பொருள்படும். ‘சோக்’ என்பதை ‘அடைப்பு’ என்றால் பழுதுபட்ட குழலாகிவிடும். ‘பால்’ என்பதைப் ‘பந்து’ என்றால் பொருளே இல்லை. ‘போர்’ என்பதைத் ‘துளை’ என்று மட்டும் பெயர்த்தால் ‘12 துளை’ என்பது பன்னிரு துளைகள் எனப் படிக்கப்படும்.

தமிழில் இதற்குரிய சொல்வளம் இல்லாமல் இல்லை. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிந்தவர் நம் முன்னோர். நாணயம் ஆய்வோன் சங்க காலத்தில் ‘வண்ணக்கன்’ எனப்பட்டான். பிற்காலத்தில் காசு பார்ப்பது ‘நோட்டம்’ எனவும், பார்ப்போன் ‘நோட்டக்காரன்’ எனவும் வழங்கின. கன்னடத்தில் ‘நோட’ என்பது பார்வையைக் குறிப்பது. குழலைக் கண்ணால் ஆய்ந்து இடும் முத்திரைக்கு ‘நோட்ட முத்திரை’ என்னும் பெயர் பொருந்தும். மருந்திட்டுச் சுட்டு அறிவதற்குத் ‘தாங்கு சோதனை’ என்பதும், ‘நைட்ரோ புரூஃப்’ என்பதற்குப் ‘புகையிலா மருந்துத் தாங்கு சோதனை’ என்பதும், ‘சோக்’ என்பதற்கு ‘வாய் ஒடுக்கம்’ என்பதும், ‘போர்’ என்பதற்குக் ‘குழலளவெண்’ என்பதும் பரிந்துரைக்கத்தக்கன. ரவை, குண்டு, மருந்து, தோட்டா ஆகியன வழக்கில் உள்ளவாறே கொள்ளத்தக்கன.

9. முடிவுரை

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு துப்பாக்கியின் பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முன்னோர் வழிவந்த துப்பாக்கிகளுள் எதனை வைத்துக்கொள்வது, எதனை ஒப்படைப்பது என முடிவு செய்ய நேர்ந்த குடும்பங்களுக்கு அடிப்புற முத்திரையின் வாசிப்பு பயனுள்ள ஒன்றாயிற்று. மெருகிடுவோர் அம்முத்திரைகளைத் தேய்த்துவிடாமல் காப்பதும் வேண்டும்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: பட்டையின் பெயர் விற்றவரைக் காட்டுவதாகவே முதலில் கொள்ளத்தக்கது, அடிப்புற முத்திரை சோதித்த இடத்தையும் காலத்தையும் கூறும், வெறுங்குழல் செய்த இடத்தை இவ்விரண்டும் கூறாமல் போகலாம். ஒன்றன் விடையை மற்றதன் விடையாகக் கொள்ளாமையே தோற்றம் அறிவதன் முதல் நெறி. பதிவேட்டில் ‘செய்த நாடு’ என ஒரே கட்டம் இருப்பினும், மொழிபெயர்ப்பாளர் விற்றவர், சோதித்த சாலை, சோதித்த மருந்து ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுவாராயின், அதனைப் படித்துத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்க்கு அது காப்பாக அமையும்.